அளந்தவர் பேச வேண்டும்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நிலத்தடி நீரில் உலோகங்களை அளந்து கட்டுரை எழுதுவதோடு ஆய்வாளரின் வேலை முடிந்துவிடுகிறதா, அந்த நீரைக் குடிக்கும் மக்களிடமும் பேச வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பேசத்தான் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சனின் வாழ்க்கையே எனக்கு இதற்குச் சான்று.

விண்கல்லிலுள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணு வகைகளை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் எழுதியவர் அவர். அந்த முடிவைவிட, அதை எட்ட அவர் பட்ட பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. மாதிரியில் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஈயம் வந்துகொண்டே இருந்தது. காற்றிலும் தூசியிலும் கலன்களிலும் விலைக்கு வாங்கிய அமிலத்திலும் அது கலந்திருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றாகக் களைந்து, மிகத் தூய்மையான ஓர் ஆய்வகத்தை உருவாக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. வயதைக் கண்டறிந்த பிறகும், இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை அவர் விடவில்லை. ஆழ்கடலைவிடக் கடலின் மேற்பரப்பில் ஈயம் மிகுந்திருந்தது. கிரீன்லாந்தின் பழைய பனியைவிடப் புதிய பனியில் மிகுந்திருந்தது. எஞ்சினில் தட்டும் ஓசை எழாதிருக்க 1920கள் முதல் பெட்ரோலில் கலந்துவந்த ஈயச் சேர்மத்தை அந்த அளவுகள் சுட்டின.

எதிர்த்தரப்பில் நின்ற ராபர்ட் கிஹோ, அந்தச் சேர்மத்தை விற்ற நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர். எல்லார் உடலிலும் ஈயம் இருப்பதால் அது இயற்கையானது, ஒரு வரம்பைத் தாண்டாதவரை தீங்கில்லை என்று பல ஆண்டுகள் வாதிட்டவர். எங்கும் காணப்படுவதாலேயே ஒன்று இயற்கையாகிவிடாது என்பதை, மாசுபடாத பழைய மாதிரிகளை அளக்கக் கற்ற ஒருவரால்தான் காட்ட முடிந்தது. அன்றைய மனிதர் உடலில் இயற்கை அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு ஈயம் இருப்பதாக 1965இல் பேட்டர்சன் எழுதினார். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் விசாரணையிலும் சாட்சியம் அளித்தார். எண்ணெய்த் துறையிலிருந்து வந்த ஆய்வு நிதி நின்றுபோயிற்று. காற்றிலுள்ள ஈயத்தை ஆராய 1971இல் அமைந்த தேசியக் குழுவில், அதை அவரளவு அறிந்தவர் அரிது என்றபோதும், அவருக்கு இடம் தரவில்லை. இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

1970களின் பிற்பகுதியில் பெட்ரோலில் ஈயம் குறையக் குறைய, அமெரிக்கர்களின் இரத்தத்திலும் அது குறைந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் ஈயப் பெட்ரோல் விற்பனை முடிந்தது. ஆகவே நீ குழந்தையாக இருந்தபோது நம் தெருவில் சுவாசித்த புகையிலும் அது இருந்திருக்கும். கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

உன் அளவுகளை வேறோர் ஆய்வகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள். பிறகு ஊராட்சிக் கூட்டத்துக்குப் போய், எந்தக் கிணற்றில் எவ்வளவு இருந்தது, எதை நீ நேரே அளந்தாய், எதை ஊகிக்கிறாய் என்று பிரித்துச் சொல். மாற்று நீருக்கு யார் பொறுப்பு, செலவு யாருடையது என்பவற்றை அவர்களோடு உட்கார்ந்து பேசு. அந்த முடிவுகளில் அவர்களுக்கும் உன் அளவுக்கு உரிமை உண்டு. நிதி தருபவர்கள் முகம் சுளித்தால் எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
அம்மா