ஒரே சட்டியில் தோய்த்து உண்பது பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உடன் ஆய்வு செய்பவர்கள் ஃபொண்டு என்ற உருக்கிய சீஸை ரொட்டியோடு சாப்பிட அழைத்தபோது, ஒரே சட்டியில் எல்லோரும் தோய்த்து உண்பதை நினைத்துக் கூசி, தலைவலி என்று சொல்லி அறையிலேயே சோறு ஆக்கி உண்டதாக நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. 1986 இல் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரின் பழைய பகுதியிலிருந்த ஓர் உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்தேன். இரவு வேலை முடிந்ததும் சமையற்காரர்கள் மண்சட்டியைச் சுற்றி அமர, நான் எச்சில் என்று எண்ணிச் சுவரோரம் நின்றேன்.

பிறகுதான் கவனித்தேன். முள்கரண்டியில் குத்திய ரொட்டித் துண்டை உதடு படாமல் பல்லால் மட்டுமே எடுக்கிறார்கள். தோய்ப்பவர் ஒவ்வொருவரும் அடிவரை கிளறித்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீஸ் அடிப்பிடித்துத் திரிந்துவிடும். அதாவது, அந்தச் சட்டியை உண்பவர்களே சேர்ந்து காக்கிறார்கள். பூண்டு தேய்த்த சட்டியில் வெள்ளை வைனைச் சூடாக்கி, குருயேர் சீஸ் பாதியும் ஃப்ரிபூர் வாஷ்ரன் சீஸ் பாதியுமாகத் துருவிப் போடுவார்கள். வைனின் புளிப்புத்தான் சீஸைத் திரளவிடாமல் இளக்குகிறது. கடைசியில் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் பொருக்கை அங்கே 'ரெலிஜியூஸ்' என்பார்கள். அதைச் சுரண்டி எல்லோருக்கும் பங்கிடுவார்கள். அப்பம்மாவின் பானையின் அடிச்சோற்றுக்கு நீயும் அண்ணனும் சண்டையிட்டது உனக்கு நினைவிருக்கும்.

கோப்பை கழுவிய என்னை அடுப்பருகே கொண்டுபோனது ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு அடை. முதல் நாளே தோலோடு அவித்து ஆறவிட்ட உருளைக்கிழங்கு மறுநாள் இறுகியிருக்கும். அதைத்தான் துருவ வேண்டும், சூட்டோடு துருவினால் பசையாகிவிடும். திருவலையில் தேங்காய் திருவிப் பழகிய கைக்கு அது எளிதாக வந்தது. வெண்ணெயில் மெல்லிய தீயில் முறுகவிட்டுத் தட்டால் மூடிக் கவிழ்த்துப் போடக் கற்றுக்கொண்ட பின்னரே அந்த நகரத்து மொழியும் எனக்கு வாயில் வந்தது. நீ இருப்பதோ பிரெஞ்சு பேசும் பக்கம். பேர்ணிலிருந்து வரும் ரயில் ஃப்ரிபூருக்குச் சற்று முன் சானே ஆற்றைக் கடக்கிறதே, அந்த மொழி எல்லையையே அவர்கள் 'ரோஸ்டிப் பள்ளம்' என்கிறார்கள்.

பன்றியிறைச்சி உண்பதில் உனக்குத் தடையில்லை என்பதால் சொல்கிறேன்: ஜெனீவாவின் லோன்ஜோல் என்ற தொத்திறைச்சியில் பெருஞ்சீரகம் சேர்ப்பார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் மெல்ல வேகும். உன் நாக்குக்கு அது அந்நியமாக இராது.

டிசம்பரில் ஜெனீவாவில் எஸ்கலாட் விழா வரும். 1602 டிசம்பர் 11 இரவு, அண்டை நாடான சவோயின் படையினர் ஏணி வைத்து நகர மதிலில் ஏறியபோது, ரோயோம் அம்மையார் கொதிக்கும் சூப்புச் சட்டியை அவர்கள் தலையில் கவிழ்த்தார் என்பது அவ்வூர்க் கதை. அதை நினைத்துச் சாக்லேட்டில் சட்டி செய்து, உள்ளே பாதாம் மாவில் செய்த காய்கறிகளை நிரப்புவார்கள். கூடியிருப்போரில் மூத்தவரும் இளையவரும் கைகளைச் சேர்த்து, "குடியரசின் பகைவர்கள் இப்படியே அழிந்தார்கள்" என்று சொல்லி அதை உடைக்க வேண்டும். உங்கள் ஆய்வுக் குழுவில் எல்லோரிலும் இளையவள் நீதான் என்று எழுதியிருந்தாய். அன்று உன் கையைத்தான் தேடுவார்கள். தலைவலி என்று சொல்லிவிடாதே, பிள்ளை.

அன்புடன்,
அப்பா