பாண்டியனுக்கு முன்பும் பஸ் ஓடியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு பஸ்களின் கதையைச் சொல்லும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் மதுரை வட்டாரத்துப் பஸ் வரலாறே 1972இல் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தோடு பிறந்தது போல எழுதியிருப்பதைப் படித்ததும் மனம் பொறுக்கவில்லை. அந்த ஆண்டில் முதலாளி மாறினார், பெயர்ப்பலகை மாறியது. வண்டியும் தடமும் புறப்படும் நேரமும் முன்பிருந்தவைதாம். அவற்றை நடத்திய ஆட்களும் முன்பிருந்தவர்கள்தாம். அந்த ஆட்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

என் தந்தை 1962இல் தனியார் நிறுவனமான டி.வி.எஸ். பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து 1998இல் ஓய்வு பெற்றார். வேலையை விட்டு ஒரு நாளும் விலகாமலே மூன்று பெயர்களின் கீழ் வேலை பார்த்திருக்கிறார்: டி.வி.எஸ்., பாண்டியன், கடைசியாகத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

டி.வி.எஸ். நிறுவனர், திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், வக்கீல் தொழில், ரயில்வே வேலை, வங்கி வேலை என்று பலவற்றைப் பார்த்துவிட்டு 1911இல் சொந்தத் தொழிலில் இறங்கினார். மறு ஆண்டே பஸ் விட்டார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஆள் சேர்ந்தால் கிளம்பும்; சேராவிட்டால் மரத்தடியில் நிற்கும். நேரம் ஆனால் கிளம்பும் வண்டி என்பது அந்தக் காலத்து மனிதர்களுக்குப் புதிய செய்தி. டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைப்போம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மாட்டு லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்கியதையும் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டயர் வெடித்தால் நேரம் தவறும். நேரத்துக்காகத்தான் அத்தனை பாடு.

அப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நடந்ததை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். விடியற்காலைப் பஸ். நேரக் காப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். டிரங்குப் பெட்டியும் கைக்குழந்தையுமாக ஒரு குடும்பம் தூரத்தில் ஓடி வருவதைப் பார்த்த அப்பா, இரண்டு நிமிடம் பொறுக்கும்படி டிரைவர் அண்ணனைக் கேட்டிருக்கிறார். அவர் வண்டியை எடுத்துவிட்டார். திருமங்கலம் தாண்டிய பிறகுதான் பேசினாராம். வழியிலுள்ள ஊர்களில் இருட்டிலேயே எழுந்து, சொன்ன நேரத்துக்கு வண்டி வரும் என்று நம்பி நிற்கிறவர்கள் உன் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள், தம்பி; அவர்களையும் நினைத்துக்கொள் என்றாராம். அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வந்த வருத்தம் அப்பாவுக்கு இன்றும் உண்டு. ஆனாலும் அதற்குப் பிறகு 36 ஆண்டுகளில் அவர் ஒரு டிரிப்பைக்கூடத் தம்மால் தாமதமாகப் புறப்பட விட்டதில்லை.

என் தாத்தா இன்னும் பழைய ஆள். இரண்டாம் உலகப் போரின்போது பஸ்ஸில் கிளீனர். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து ஊர் முழுதும் வண்டிகள் முடங்கியபோது, கரியிலிருந்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டும் சாதனத்தை டி.வி.எஸ். நிறுவனமே வடிவமைத்துத் தயாரித்தது. பஸ்ஸின் பின்னால் அடுப்பு போல ஓர் உருளை. விடியுமுன் எழுந்து கரி கொட்டி, தீ மூட்டி, காற்றாடியைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாயு சீராக வந்தால்தான் எஞ்சின் உயிர் பெறும். மேட்டில் இழுக்காது. பயணிகள் இறங்கி நடப்பார்கள், சில வேளை தள்ளவும் செய்வார்கள். தாத்தாவின் வலது உள்ளங்கை கடைசி வரை காய்த்துப் போய்த்தான் இருந்தது. கரியை நம்பிப் பஸ் ஓடிய அந்த ஆண்டுகளை விட்டுவிட்டு எப்படி வரலாறு எழுத முடியும்?

1972இல் பெரிய தனியார் நிறுவனங்களின் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டது. பொள்ளாச்சி ஏ.பி.டி. நிறுவனத்துப் பஸ்கள் சேரன் கழகம் ஆயின. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் வந்தது. எங்கள் ஊரில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ஆயின. 1974இல் பாண்டியனிலிருந்து நெல்லையில் கட்டபொம்மன் பிரிந்தது. வசூலைப் பார்க்காமல் சிற்றூர்களுக்கும் பஸ்ஸை அனுப்பியது அரசுக் கழகங்கள் செய்த பெரிய காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புதிதாக வேலைக்கு வந்த நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கு வே பில் என்ற டிக்கெட் விற்பனைக் கணக்குத் தாள் எழுதவும், கட்டண நிறுத்தங்களுக்கான ஸ்டேஜ் கணக்கு முடிக்கவும், நெரிசலில் சில்லறை பிசகாமல் டிக்கெட் கிழிக்கவும் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? தனியாரிடமிருந்து வந்த இந்தப் பழைய ஆட்கள்தாம். 1997இல், விருதுநகர்க் கழகத்துக்கு விடுதலைப் போராட்ட வீரர் வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததை ஒட்டிச் சாதிக் கலவரம் மூண்டு, எல்லாக் கழகங்களின் பெயர்களும் நீக்கப்பட்டன. பஸ்ஸின் பக்கவாட்டில் ‘பாண்டியன்’ என்ற எழுத்தின் மேல் பெயின்ட் அடித்ததை அப்பா நின்று பார்த்தார். மறுநாள் அதே வண்டியில் அதே டிரிப்புக்குப் போனார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பணிமனைக்குப் போய்ப் பழைய கால அட்டவணைகளும் பதிவேடுகளும் இருக்கின்றனவா என்று கேட்டேன். தகரக் கொட்டகையில் கிடந்தவற்றை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. கோவையில் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவின் பெயரால் கார்களுக்கு அருமையான அருங்காட்சியகம் இருக்கிறது. அவரே 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ் விட்டுத் தொடங்கியவர்தான். மதுரையில் ஒரு பணிமனையின் ஓர் அறையைப் பஸ்ஸுக்காக ஒதுக்கினால் போதும். அப்பாவின் தோல் பையைத் தர நாங்கள் ஆயத்தம். மூன்று அறை கொண்ட பை. கட்டைவிரல் பட்டுப் பட்டு வாய் ஓரம் கன்னங்கரேலென்று பளபளக்கிறது. உள்ளே விற்காமல் மிஞ்சிய டிக்கெட் கட்டு ஒன்றும் இருக்கிறது.

அதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1972க்கு முன்பே டிரைவராகவும் கண்டக்டராகவும் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்குக் குறையாது. உங்கள் நிருபர்களை அனுப்பி அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அப்பாவிடமிருந்தே தொடங்கலாம். தடங்களும் நேரங்களும் இன்னும் மனப்பாடம். காலையில் வந்தால் நல்லது. சாப்பிட்ட பிறகு தூங்கிவிடுவார், காதும் அப்போது சற்று மந்தம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மதுரை.