வலுக்கூட்டிய டபிள் கெப்களில் கியர் வழுக்குதல்: பெட்டியைக் கழற்றுமுன் காரணத்தைக் கண்டறிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் மீன் ஏற்றுவதற்கும், நிலாவெளி, உப்புவெளிப் பக்கங்களில் படகுகளை ட்ரெயிலரில் இழுப்பதற்கும், கட்டட வேலைகளுக்கும் ஓட்டோ கியர் டபிள் கெப்கள் அன்றாடம் பயன்படுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் பெரும்பாலோருக்கு எட்டாமலே இருப்பதால், கையிலுள்ள வாகனத்தின் எஞ்சினை டியூன் செய்தும் பெரிய டயர் போட்டும் கூடுதல் வேலை வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அவ்வாறு மாற்றிய வாகனங்கள் சிறிது காலத்தில் கியர் வழுக்கும் குறையோடு கராஜுக்கு வருகின்றன. ‘கியர்பொக்ஸ் முடிஞ்சுது’ என்ற ஒரே தீர்ப்போடு கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய கியர் பெட்டி ஒன்று வரவழைக்கப்படுகிறது. அதுவும் வழுக்கத் தொடங்கும்போது உரிமையாளர் பல இலட்சம் ரூபாவை இழந்திருப்பார். வாகனப் பழுதுபார்ப்பில் நெடுங்காலம் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், இந்தச் செலவில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தானியங்கிக் கியர்பொக்ஸினுள்ளே ஒவ்வொரு கியரையும் பிடித்து வைத்திருப்பவை கிளச் தட்டுகள். அவற்றை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருப்பது பம்ப் உண்டாக்கும் ஓயில் அழுத்தம். தட்டுகளின் எண்ணிக்கை, பரப்பு, உராய்வுப் பூச்சின் நிலை, அழுத்தத்தின் அளவு ஆகிய நான்கும் சேர்ந்துதான் அந்தக் கிளச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. எஞ்சின் தரும் விசை அந்த எல்லையைத் தாண்டும் கணத்தில் தட்டுகள் உரசிச் சுழல்கின்றன. எஞ்சின் சுற்று ஏறுகிறது, வாகனமோ அதற்கேற்ப முன்னேறுவதில்லை. இதையே நாம் வழுக்குதல் என்கிறோம். ஆகவே, அழுத்தம் குறைந்தாலும் வழுக்கும், விசை கூடினாலும் வழுக்கும். வலுக்கூட்டிய வாகனத்தில் இவ்விரண்டும் ஒருசேர நிகழ முடியும் என்பதே பலர் கவனிக்காத விடயம்.

வாகன உற்பத்தியாளர்கள் எஞ்சின் விசையைக் கியர்பொக்ஸின் தாங்குதிறனுக்கு ஏற்பவே வரையறுக்கிறார்கள். 2015இல் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், கைக்கியர் வண்டியில் 420 நியூட்டன் மீற்றரையும் ஓட்டோ கியர் வண்டியில் 450 நியூட்டன் மீற்றரையும் தருமாறு அமைக்கப்பட்டது. 2020இல் ஓட்டோ கியர் வண்டிக்கு அது 500 ஆக உயர்த்தப்பட்டது. எஞ்சின் ஒன்றாயினும் பெட்டிக்கேற்ப அளவு மாறுவதைக் கவனிக்கலாம். அந்த அளவுகளைப் பெட்டியைப் பற்றி எண்ணாமலே மேலும் உயர்த்துவது எத்தகைய செயல் என்பதை உரிமையாளர்கள் சிந்திக்க வேண்டும்.

இதைவிடக் கெடுதி செய்வது ‘டியூனிங் பொக்ஸ்’ எனப்படும் சிறு பெட்டி. காமன் ரெயில் டீசல் எஞ்சினில் எரிபொருள் அழுத்தத்தை அறிவிக்கும் சென்சருக்கும் எஞ்சின் கொம்பியூட்டருக்கும் இடையே அது பொருத்தப்பட்டு, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைந்த அளவையே கொம்பியூட்டருக்குக் காட்டுகிறது. கொம்பியூட்டர் அதை நம்பி அழுத்தத்தை உயர்த்துகிறது. கூடுதல் டீசல் எரிந்து வலுவும் கூடுகிறது. ஆனால் தான் உண்டாக்கும் முறுக்குவிசை கூடியிருப்பது எஞ்சின் கொம்பியூட்டருக்கே தெரியாததால், கியர்பொக்ஸ் கொம்பியூட்டருக்கும் அது பழைய கணக்கையே அனுப்புகிறது. அந்தக் கணக்கைக் கொண்டுதான் கிளச்சுகளுக்குரிய ஓயில் அழுத்தம் தீர்மானிக்கப்படுகிறது. எடையைக் குறைத்துச் சொல்லி ஏற்றிய சுமைக்குச் சொன்ன எடை தாங்கும் கயிற்றை மட்டும் கட்டுவதைப் போன்றது இது. சில கியர்பொக்ஸ்கள் கியர் மாறும் நேரத்தை அளந்து அழுத்தத்தைத் தாமாகவே சற்றுக் கூட்டிக்கொள்ளும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. டீசல் எஞ்சின் தன் உச்ச விசையைக் குறைந்த சுற்றிலேயே தருவதால், சுமையோடு 1600 முதல் 2000 சுற்றுவரை ஏற்றத்தில் மிதிக்கும் வேளையில்தான் கிளச்சுகள் அதிகம் வதைபடுகின்றன.

இக்குறை வலுக்குறைந்த பெட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2001 முதல் கனரகப் பிக்கப்களில் பொருத்தப்பட்ட அலிசன் 1000 கியர்பொக்ஸ் உறுதிக்குப் பெயர்போனது. எனினும் அதனோடு வரும் டியூரமாக்ஸ் டீசல் எஞ்சினை அளவுக்கு மீறி டியூன் செய்தவர்களின் வண்டிகள் வழுக்கலை உணர்ந்ததும், பாதுகாப்புக்காக இயக்கத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ‘லிம்ப்’ நிலைக்குப் போய்விடுவது அங்கு நன்கறியப்பட்ட குறை.

இனிச் சோதனைகளைப் பற்றிக் கூறுகிறேன். முதலில் பார்க்க வேண்டியது ஓயில். ஓயில் அளவு பார்க்கும் கோல் உள்ள வண்டிகளில், கையேடு கூறும் வெப்பநிலையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். கோல் இல்லாத புதிய வண்டிகளில் குறித்த வெப்பநிலையில் வழிவுத் துளையைத் திறந்து பார்க்க வேண்டும். ஓயில் குறைந்திருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும். தொடர்ந்து ஓட்டினால் கிளச்சும் கருகும். நம் ஊரின் உப்புக்காற்றில், குறிப்பாகக் கடற்கரை மணலில் படகு இழுக்கும் வண்டிகளில், ஓயிலைக் குளிர்விக்கும் கூலருக்குச் செல்லும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துக் கசிவது அடிக்கடி காணப்படும் காரணம். ஓயில் கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால் தட்டுகள் ஏற்கனவே எரிந்திருக்கின்றன. அது இளஞ்சிவப்புப் பாலைப்போலக் கலங்கியிருந்தால், ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலர் வெடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது, ஏனெனில் கிளச் தட்டுகளின் பூச்சை நீர் கழற்றிவிடும்.

அடுத்து, எப்போது வழுக்குகிறது என்பதைச் சாரதியிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். எல்லாக் கியரிலும் வழுக்கினால் பம்ப், ஓயில் வடிகட்டி, பொது அழுத்தம் ஆகியவற்றை நோக்க வேண்டும். ஒன்றிரண்டு கியர்களில் மட்டும் வழுக்கினால் அவற்றுக்குப் பொதுவான கிளச்சையோ, அதற்குச் செல்லும் ஓயிலைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சொலினொயிட்டையோ சந்தேகிக்கலாம். சமதரையில் ஒரே வேகத்தில் செல்லும்போது சுற்றுமானி ஏறி இறங்கி வண்டி நடுங்கினால், பிரேக்கை இலேசாகத் தொட்டுப் பார்க்கலாம். எஞ்சின் விசையை ஓயில் வழியே கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேட்டரில், ஓடும்போது இரு பக்கத்தையும் நேரடியாகப் பூட்டிவைக்கும் லொக்-அப் கிளச் ஒன்று உண்டு. பிரேக்கைத் தொட்டதும் அது விடுபட்டு நடுக்கம் நின்றால், குறை அந்தக் கிளச்சில் இருக்க வாய்ப்புண்டு. ஸ்கேனரில் பி 0730 முதல் பி 0736 வரையிலான குறிகள் கியர் விகிதம் பொருந்தவில்லை என்பதையும், பி 0741 லொக்-அப் சரியாக இயங்கவில்லை என்பதையும் அறிவிக்கின்றன. பி 0700 தனியாக வந்தால் கியர்பொக்ஸ் கொம்பியூட்டரில் வேறு குறி பதிவாகியிருக்கிறது என்பதே பொருள். அதை மட்டும் வாசித்துவிட்டுப் பெட்டியைக் கழற்றச் சொல்வது முறையன்று.

இத்தனைக்கும் பிறகு செய்ய வேண்டிய சோதனை, நம் கராஜ்களில் மிகக் குறைவாகச் செய்யப்படுகிறது. பெரும்பாலான கியர்பொக்ஸ்களில் அழுத்தமானி பொருத்துவதற்கென்றே ஒரு துளை இருக்கிறது. அதில் மானியைப் பொருத்தி, வெறும் ஓட்டத்திலும் சுமையிலும் வரும் அளவுகளைக் கையேட்டோடு ஒப்பிட்டால், குறை அழுத்தத்தில் இருக்கிறதா தட்டில் இருக்கிறதா என்பது புலனாகிவிடும். பிரேக்கை அழுத்திக்கொண்டு முழுமையாக மிதித்துப் பார்க்கும் ஸ்டோல் சோதனையை மட்டும் நம்புவோர், டியூன் செய்த எஞ்சின் நல்ல கியர்பொக்ஸிலும் கையேட்டு அளவைவிடக் கூடுதலான சுற்றைக் காட்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தச் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீடித்தால் சோதனையே கியர்பொக்ஸைக் கெடுத்துவிடும்.

டியூனிங் பொக்ஸ் இருந்தால் அதைக் கழற்றியும், எஞ்சின் கொம்பியூட்டரில் மாற்றம் செய்திருந்தால் பழைய புரோகிராமை மீண்டும் ஏற்றியும், அதே சுமையோடு அதே பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கல் மறைந்து, ஓயிலும் சுத்தமாக இருந்தால், பெட்டியைத் தொடத் தேவையில்லை. சில டியூனர்கள், கியர் மாறும் கணத்தில் எஞ்சின் விசையைக் குறைக்கும் ஏற்பாட்டையும் நீக்கிவிடுகிறார்கள். வண்டி பாய்வதுபோல் தோன்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டு கருகும். இதை என்னால் எவ்விதத்திலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தட்டுகள் உண்மையிலேயே எரிந்திருந்தால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். அப்போதும் பழைய கூலரை அப்படியே விட்டுவிட்டால், அதில் தங்கிய துகள்கள், ஓயிலைக் கிளச்சுகளுக்குப் பங்கிடும் புதிய வால்வ் பொடிக்குள் வந்து சேரும். பெட்டியைப் பொருத்திய பின் கொம்பியூட்டர் பழைய பெட்டிக்கேற்பக் கற்றுவைத்திருந்த பழக்கப் பதிவை அழித்து மறுபடி கற்பிக்கவும் வேண்டும். பாரம் இழுப்பவர்கள் தனிக் கூலர் ஒன்றையும் ஓயில் வெப்பமானி ஒன்றையும் பொருத்துவது அவசியம். ஓயிலின் வெப்பம் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயரும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் பொதுவான கணக்கு. மணலில் படகு இழுக்கும்போது டோர்க் கன்வேட்டர் உண்டாக்கும் வெப்பத்தை, முன்னிருக்கையில் இருப்பவர் வேறெவ்வழியிலும் அறிய முடியாது.

கந்தளாயைக் கடந்து ஹபரணைவரை செல்லும் வீதியில் இரவில் யானைகள் குறுக்கிடுகின்றன. முந்திச்செல்ல மிதித்த கணத்தில் கியர் பிடிக்காமல் போகும் வண்டி அங்கு உயிருக்கே ஆபத்து. ஆகவே, டியூன் செய்பவர்கள் தாம் உயர்த்திய முறுக்குவிசையின் அளவையும் செய்த மாற்றங்களையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். உரிமையாளர்களும் அதை மறைக்காமல் கராஜில் காட்ட வேண்டும். கராஜ்காரர்கள் பெட்டியைக் கழற்றுமுன் ஓயிலின் நிலை, ஸ்கேனர் குறிகள், அழுத்த அளவுகள் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் குறித்துக் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். கிழக்கு மாகாணத்தின் தொழிற்பயிற்சி நிறுவனங்கள், தானியங்கிக் கியர்பொக்ஸ் சோதனைக்கென அழுத்தமானியோடும் வெட்டிக் காட்டிய பெட்டியோடும் தமிழில் ஒரு குறுங்கால வகுப்பை நடத்த முன்வர வேண்டும் என்றும், அதில் ஏற்கனவே கராஜ்களில் வேலை செய்யும் இளைஞர்கள் மாலை வேளைகளில் சேர்ந்து படிக்க இடமளிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர் ஒருவர்,
திருகோணமலை.