அம்மாவின் செடிகளுக்குத் தண்ணீர் விட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

துக்க வீட்டில் வருகிறவரை வாங்க என்று கூப்பிடுவதும் இல்லை, போகிறவர் சொல்லிக்கொண்டு போவதும் இல்லை. அதனால் அன்று யாருக்கும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நேற்று அம்மாவின் 16-ஆம் நாள் காரியம் முடிந்தது. இனிமேல் சொல்லலாம்.

திருநகரில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மண் ஒரு சென்ட்கூட வராது. அதற்குள்தான் மல்லிகை, புடலைப் பந்தல், நாட்டுக் கத்தரி, கறிவேப்பிலை எல்லாம். பால்காரர், சிலிண்டர் போடுகிறவர் என யாரும் அம்மாவிடமிருந்து வெறுங்கையோடு போனதில்லை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தன் பிள்ளைக்கு மெடல் கொடுத்த மாதிரி தெருவில் நாலு வீட்டுக்குப் பூ கட்டிக் கொடுத்தவர். புடலம்பிஞ்சு வளையாமல் நீள நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார். ஒரு தடவை நான் கொஞ்சம் பெரிய கல்லாகக் கட்டிவிட்டேன். “பச்சப் புள்ள காதுல பானையத் தொங்கவிடுவியா?” என்று கேட்டுவிட்டு, புளியங்கொட்டை அளவில் ஒரு கல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஐப்பசிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மாவுக்கு அங்கே பெரிய கவலை, கார்த்திகையில் மல்லிகைக்குக் கவாத்து பண்ண ஆள் இல்லையே என்பதுதான். அடுத்த வீட்டு அக்கா நான் செய்கிறேன் என்றார். அம்மா கட்டிலில் படுத்தபடியே போனில் சொன்னார்: “மொட்டையா நிக்குதேன்னு பாவம் பாக்காத. முட்டி உசரம் விட்டு வெட்டு. அதுக்கு முன்னாடி நாலு நாள் தண்ணி காட்டாத.” அக்கா வெட்டிவிட்டுப் படம் அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் பார்த்த அம்மா, “இடது ஓரத்துல காஞ்ச குச்சி ரெண்டு நிக்குது” என்றார். அக்கா திரும்பப் போய் வெட்டினார்.

அந்தச் செடி மாசிக் கடைசியில் மொட்டு விட்டது. பங்குனியில் அம்மா போன அன்று, விடிவதற்குள் அதே செடியில் பறித்து, தொடுத்துக்கொண்டு வந்தார் அக்கா. மாலைகள் நிறைய வந்தன. அம்மாவின் கையருகே வைத்தது அந்த ஒரு முழத்தைத்தான். அக்கா, உங்களுக்கு நன்றி என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இரவு டூட்டி சிஸ்டருக்கும் நன்றி. கட்டிலருகே துளசித் தொட்டி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர்தான். மண்ணில் கிருமி இருக்கும், அவர் சொன்னது நியாயம். அம்மா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அப்புறம் சிஸ்டர் தன் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று துளிர்க்கவே மாட்டேன் என்கிறது என்றதும் சமாதானம். புளித்த மோரைத் தண்ணீர் கலந்து ஊற்றச் சொன்னார் அம்மா. துளிர்த்ததும் ஒரு கொத்தைக் கொண்டுவந்து காட்டினார் சிஸ்டர். அன்று அம்மா சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை.

எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ அண்ணனுக்கும், சாமியானா கட்டும்போது புடலைக் கொடியில் கால் படாமல் சுற்றிச் சுற்றிப் போன தெருத் தம்பிகளுக்கும், மூன்று நாளும் சமைத்துக் கொண்டுவந்த உறவினர்களுக்கும், மயானத்தில் கூடவே நின்று எல்லாம் செய்துகொடுத்தவர்களுக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அம்மா சாம்பலில் புரட்டிக் காயவைத்த விதைகள் மாத்திரை டப்பாக்களில் இருக்கின்றன. கத்தரி, அவரை, பீர்க்கு எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருக்கிறார். ஆடிக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவில் மட்டும் பெயர் இல்லை. உள்ளே தட்டையாக, கறுப்பாக ஏழு விதை. என்ன விதை என்று தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்
திருநகர், மதுரை