வேலி கழிக்கக் கத்தி வாங்குபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தில் மரங்களைக் கவ்வாத்து செய்வது, அதாவது கிளை கழித்துவிடுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மாதத்தில் எந்த மரத்தைக் கழிக்கலாம், வெட்டிய இடத்தில் என்ன பூசலாம் என்று விளக்கமாகப் போட்டிருந்தீர்கள். எதைக் கொண்டு வெட்டுவது என்பதற்கு மட்டும் 'கூர்மையான கருவி' என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கருவியைத் தப்பாக வாங்கியதால் சென்ற தை மாதம் என் பேரன் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் காங்கேயம் பக்கத்தில் ஆறு ஏக்கர் கொரங்காடு வைத்திருக்கிறேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கொரங்காடு என்பது ஆடு மாடு மேய்வதற்கென்றே விட்டிருக்கும் மானாவாரி நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் இருக்கும். சுற்றிலும் கிளுவை என்கிற முள்செடியை நட்டு வளர்த்த உயிர்வேலி. இந்த வேலிதான் எங்களுக்கு எல்லாம். வேலி பலமாக இருந்தால் ஆடுகளை உள்ளே விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், மேய்க்க ஆள் வேண்டாம். ஆறு ஏக்கருக்கு வேலி மட்டும் 2,000 அடிக்கு மேல் ஓடுகிறது. வருஷா வருஷம் அதைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே குடை மாதிரி விரிந்து அடியில் சந்து விழுந்துவிடும். வெட்டிய போத்தை, அதாவது கிளைத் துண்டை, அந்தச் சந்தில் நட்டால் வேலி அடைந்துகொள்ளும்.

என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்த வேலை அவருடையது. அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவருடைய கொடுவாள் ஒன்றேகால் கிலோ இருக்கும். மூக்கு வளைந்து, முன்பக்கம் கனமாக, அடி மரத்தைப் பிளக்க அருமையானது. ஆனால் அதைத் தூக்கி வேலி கழித்தால் எனக்கு நூறு அடிக்குள் தோள்பட்டை விட்டுவிடும். இன்னொன்று, அது குட்டையானது. முள்ளுக்குள் கையை விட்டுத்தான் வெட்ட வேண்டும். எங்கள் பக்கம் வேலி அடியில் சுருட்டை விரியன் கிடக்கும். கை எட்டத்தில் இருப்பது நல்லது. நீளமாக, நேராக, கனமில்லாமல் வாள் மாதிரி ஒரு கத்தி இருந்தால் நின்றபடியே வீசி வேலியின் தலையை மட்டப்படுத்தலாம் என்று ரொம்ப நாளாக யோசனை.

மருமகன் போனில் தேடிப்பார்த்து ஒன்று வரவழைத்தார். 'மச்செட்டி' என்று போட்டிருந்ததாம். 850 ரூபாய். பார்க்கப் பளபளவென்று, முதுகில் ரம்பப்பல் வெட்டி, கறுப்பு ரப்பர் பிடியோடு சினிமாவில் வருவது போல இருந்தது. முதல் இரண்டு நாள் பச்சைக் கிளுவையைச் சீவியது. மூன்றாம் நாளே வாய், அதாவது வெட்டுகிற ஓரம், மடங்க ஆரம்பித்தது. ஒரு வாரம் போனதும் காய்ந்த வெள்வேலக் கிளை ஒன்றை ஓங்கி வெட்டினேன். கையில் ரப்பர் பிடி மட்டும் நின்றது. அலகு பிய்த்துக்கொண்டு பறந்து, பத்தடி தள்ளி ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பேரனின் தலைக்கு மேலே போய் மண்ணில் குத்தி நின்றது. அவனுக்கு ஆறு வயது. அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், சாயங்காலம்தான் அந்தப் பிடியை அறுத்துப் பார்த்தேன். 18 அங்குல அலகுக்குப் பிடியின் உள்ளே போன இரும்பு விரல் நீளம்கூட இல்லை. விரல் மொத்தத்துக்கு ஒரு கம்பியைப் பற்றவைத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பற்றுதான் விட்டுப்போயிருக்கிறது. விற்றவர்கள் பத்து நாள் தாண்டிவிட்டதால் பணம் திரும்பாது என்றார்கள். பணம் போகட்டும். இது மாதிரி இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ என்பதுதான் எனக்குக் கவலை.

அப்புறம்தான் வெள்ளக்கோவில் பக்கம் இருக்கும் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனேன். ஆசாரியும் அவர் சம்சாரமும்தான் வேலை செய்கிறார்கள். அவர் குறட்டில் பிடித்துக் காட்டுகிற இடத்தில் அந்த அம்மா சம்மட்டி போடுகிறார். எனக்கு வேண்டிய அளவைச் சேலைப் பெட்டி அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துப்போயிருந்தேன். அதை வாங்கிப் பார்த்தவர் என் கையைக் காட்டச் சொன்னார். ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு கத்தியைக் கொடுத்து வீசிப் பார்க்கச் சொன்னார். "உங்க கைக்கு இது கனங்க. இன்னும் 200 கிராம் கொறைக்கோணும். லாரிப் பட்டை வேண்டாம், ஜீப்புப் பட்டையில அடிச்சுத் தர்றனுங்க" என்றார். பட்டை என்றால் வண்டிக்கு அடியில் இருக்கும் வில் பட்டை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். தோய்ச்சல் போடுவதை, அதாவது இரும்பைக் காய்ச்சி முக்கிக் கெட்டியாக்குவதைப் பார்க்க வேண்டும் என்று நான் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வேலையைப் பார்த்ததால்தான் எது உறுதி என்று எனக்குப் புரிந்தது. உலையில் அலகு செக்கச்செவேல் என்று ஆனதும் ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒட்டவில்லை. அந்தச் சூடு வந்தால் இரும்பு காந்தத்தை விட்டுவிடுமாம். இன்னும் கொஞ்சம் காட்டி, வாய்ப்பக்கம் மட்டும் முங்கும்படி எண்ணெயில் விட்டார். இப்போது வாய் கண்ணாடி மாதிரி இருக்கிறது, கீழே போட்டால் தெறித்துவிடும் என்றார். அதைத் தேய்த்து வெள்ளையாக்கி, முதுகுப் பக்கத்தைத் தணல் மேல் காட்டிக்கொண்டே இருந்தார். நிறம் ஓட ஆரம்பித்தது. முதலில் வைக்கோல் நிறம், பிறகு கருப்பட்டி நிறம், பிறகு மயில்கழுத்து. முதுகு மயில்கழுத்துக்குப் போய், வாய் கருப்பட்டி நிறத்துக்கு வந்த நொடியில் எடுத்துத் தண்ணீரில் வைத்தார். வாய் கெட்டியாக இருக்க, முதுகு வளைந்து கொடுக்கும். அந்த நொடி தப்பினால் ஒன்று வாய் பொரிந்து உதிரும், இல்லாவிட்டால் மடங்கும். வாகனப் பட்டையில் கரி (கார்பன்) சேர்ந்திருப்பதால் இந்தத் தோய்ச்சல் ஏறுகிறது. கட்டடக் கம்பி, வெறும் தகடு இதிலெல்லாம் ஏறாது. காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் தகட்டையும் தோய்ச்சல் போட்டுக் கெட்டியாக்க முடியாது. துருப்பிடிக்காது என்பதை வைத்து உழைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நான் ஏமாந்தது அந்தப் பளபளப்பில்தான்.

எனக்கு ஆன செலவு 1,200 ரூபாய். அலகு 18 அங்குலம், அகலம் ஒன்றே முக்கால் அங்குலம். பிடிப்பக்கம் 5 மில்லிமீட்டர் கனம், நுனிக்குப் போகப்போக 3. எல்லாம் சேர்த்து முக்கால் கிலோவுக்குள். அலகும் பிடிக்குள் இருக்கும் இரும்பும் ஒரே துண்டு. அது பிடியின் கடைசி வரைக்கும் ஓடுகிறது. மூன்று இடத்தில் ஆணி அடித்து இரண்டு பக்கமும் தட்டியிருக்கிறது. பிடி கருவேலங்கட்டை. பிடியின் அடி கொஞ்சம் பருத்து வளைந்திருப்பதால் வியர்வைக் கையிலும் நழுவுவதில்லை.

கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் பிடியைப் பாருங்கள். உள்ளே எவ்வளவு இரும்பு போகிறது என்று வெளியே தெரியாவிட்டால் வாங்காதீர்கள். அப்புறம் கத்தியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வாய் கோணலில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நகத்தால் சுண்டினால் ஓசை நீண்டு கேட்க வேண்டும். உடைந்த பானை மாதிரி கேட்டால் எங்கேயோ வெடிப்பு இருக்கிறது. நுனியை ஒரு கட்டையில் ஊன்றி மெல்ல அழுத்தினால் வளைந்து, விட்டதும் நேராக வேண்டும். அரத்தைக் கத்தியின் வாயில் வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு லேசாகப் பிடிக்க வேண்டும், முதுகில் நன்றாகப் பிடிக்க வேண்டும். நல்ல ஆசாரி இதையெல்லாம் செய்து பார்க்கக் கோபித்துக்கொள்ள மாட்டார். சவரக்கத்தி மாதிரி வாயை மெலிதாக்கித் தரச் சொல்லாதீர்கள். காய்ந்த கட்டையில் பட்டதும் பொரிந்துவிடும்.

வாள் மாதிரி என்று சொன்னேனே, நீளத்தில் மட்டும்தான் அது வாள் மாதிரி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூர், குத்துகிற முனை, கைக்காப்பு இதெல்லாம் கிளை வெட்ட எதற்கு? 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே செய்த பொருட்களை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றபடி 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கத்தி என்றாலே விதி குறுக்கே வரும். அதனால் ஒரு பக்கம் மட்டும் வாய், மொட்டை மூக்கு, மரப்பிடி என்று பார்த்ததும் காட்டு வேலைக் கத்தி என்று தெரிகிற மாதிரி செய்துகொள்வது நல்லது. 2021-இல் போலீஸ் டிஜிபி உத்தரவு வந்ததிலிருந்து அரிவாள் வாங்குபவர்களின் விவரத்தைப் பட்டறையில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆசாரி என் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அது நல்லதுதான், நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் சாக்கில் சுற்றி எடுத்து வரும்போது வழியில் நிறுத்திக் கேட்டார்கள். அரை மணி நேரம் நின்று, கொரங்காட்டுக் கணக்கெல்லாம் சொன்ன பிறகுதான் விட்டார்கள். பட்டறையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் என் மாதிரி ஆட்களுக்கு உதவியாக இருக்கும்.

கத்தி வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. வேலி முழுக்க ஒரு தடவை கழித்து முடித்தாயிற்று. வாய் மழுங்கினால் காட்டிலேயே அரத்தால் நாலு இழுப்பு. மின்சாரச் சாணையில் கொடுப்பதில்லை; தீப்பொறி பறந்து வாயில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விடும் என்று ஆசாரி சொல்லி அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் கிளுவைப் பிசின் ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். உறைக்கு ஒன்றரை அங்குலப் பிவிசி குழாயைச் சூடுகாட்டித் தட்டையாக்கிக்கொண்டேன். மணிக்கட்டுக்கு மேல் பருமனான கிளைக்குக் கத்தியைத் தொடுவதில்லை, ரம்பம்தான். கிளையை வெட்டும்போது அடிப்பக்கம் ஒரு வெட்டுப் போட்டுவிட்டு மேலே வெட்டினால் பட்டை உரியாமல் வரும். நடுவதற்கான போத்து என்றால் ஒரே வீச்சில் சாய்வாக விழ வேண்டும். நசுங்கின போத்து அழுகிவிடும். பழைய கத்தியில் வெட்டி நட்டதில் பாதிக்கு மேல் போய்விட்டது.

வேளாண்மைத் துறை மானியத்தில் கொடுக்கும் கைக்கருவித் தொகுப்பில் கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்து, இரும்புச் சட்டி, கதிர் அரிவாள் இருக்கின்றன. கிளை கழிக்கிற கத்தி இல்லை. அதையும் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது ஏதோ ஒரு கம்பெனியில் மொத்தமாக வாங்காமல் அந்தந்த வட்டாரத்துப் பட்டறைகளில் செய்து வாங்கலாம். பெண்கள் கைக்கு என்று ஒரு அளவு தனியாக வேண்டும். இன்றைக்கு வேலி ஓரத்தில் நிற்பவர்களில் பெண்கள்தான் நிறையப் பேர். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளின் பெயர் பக்கத்து ஊருக்கே தெரியாது. நான் போன இடத்தில் கரி விலையும் தாங்கவில்லை, மகனும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். உங்கள் நிருபர்கள் ஊர் ஊராகப் போய், எந்தப் பட்டறையில் எந்தக் கருவி நன்றாகச் செய்கிறார்கள் என்று வாரம் ஒன்றாவது எழுதினால், இணையத்தில் 850 ரூபாய் போடுகிறவர்களில் சிலராவது அங்கே போவார்கள்.

என் அட்டை அளவை ஆசாரி திருப்பித் தரவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறாராம். மூன்று பேருமே பெண்கள்.

இப்படிக்கு,
கொரங்காட்டு விவசாயி ஒருவர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.