அக்காவுக்கு, பாலத்துக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து

அக்கா,

வர்ற வெள்ளிக்கிழமை அம்மாவோட வருஷத் திதி. போன்ல பேசுனா பாதியில நீ அழுவ, நான் வெச்சிடுவேன், அதான் எழுதுறேன். இத மத்தவங்களும் படிப்பாங்கன்னு தெரியும். அதனால மாமா பத்தி இங்க ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவரு நல்லவரு, அவ்வளவுதான்.

அம்மா போன அன்னிக்கி ராத்திரி நடந்தத திருப்பி எழுதல. பாலம்னாலே எனக்குப் பயம்னு உனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் உனக்குத் தெரியாது. கிரேப் டாக்சி கிடைக்கலன்னு சொன்னேன்ல, பொய். கிரேப் வந்துச்சு, ஏறுனேன், இந்தப் பினாங்குத் தீவுப் பக்கம் குளுகோர்ல பாலத்துக்கு ஏறுற வளைவு கண்ணுல பட்ட உடனே ரெண்டு கையும் மரத்துப்போயி நிப்பாட்டச் சொல்லி எறங்கிட்டேன். டிரைவர் என் மூஞ்சிய பார்த்துட்டு தண்ணி பாட்டில நீட்டுனாரு, அத வாங்கக்கூட கை வரல. அப்புறம் இன்னொரு கார் புடிச்சு ஃபெரி டெர்மினலுக்குப் போயி விடியுற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருந்தேன். முதல் ஃபெரி அக்கரையில பட்டர்வொர்த் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. மன்னிச்சுக்கக்கா. ஒரு வருஷமா இந்தப் பொய்ய வயித்துல வெச்சிக்கிட்டு உன் வீட்டுல சாப்பிட்டுருக்கேன்.

ஆனா நானும் ஒண்ணு கேக்கணும். 2014, ரெண்டாவது பாலம் தொறந்த புதுசு. பத்து மாவுங்ல மீன் சாப்பிடப் போறோம்னு சொல்லித்தான் என்ன கார்ல ஏத்துனீங்க. மீன் கடையத் தாண்டி கார் போறப்பதான் எனக்கு வெளங்குச்சு. 24 கிலோமீட்டர் பாலம், அதுல கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல. ஒரே அடியா கடந்துட்டா பயம் போயிரும்னு யாரோ சொன்னாங்க, யாருன்னு இங்க வேணாம். நான் சீட்டுக்குக் கீழ குனிஞ்சிட்டேன். நீ சிரிச்ச. ஜன்னல எறக்குங்க, பாக்கட்டும்னு சொன்ன. ஆனா என் மணிக்கட்ட புடிச்சவ அக்கரையில பத்து காவான் போற வரைக்கும் விடல, உன் வளையல் அழுந்தி அழுந்தி கையில செவப்பா ரெண்டு கோடு, ராத்திரி தூங்கப் போறப்பவும் அது அப்படியே இருந்துச்சு. அந்தக் கோட்ட நான் தடவிப் பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன், கோவத்துலயா பாசத்துலயான்னு இன்னிக்கும் சொல்லத் தெரியல. ஒண்ணு மட்டும் நிச்சயம், அதுக்கப்புறம் போன மாசம் வரைக்கும் எந்தப் பாலத்துலயும் நான் ஏறல. ஒவ்வொரு தடவ ஃபெரியில உக்காரும்போதும் அப்பாடான்னு ஒரு நிம்மதி வரும்ல, அந்த நிம்மதிதான் பயத்துக்கு சோறு போட்டு வளர்த்துச்சாம். இப்பதான் தெரியுது.

ஆமா, ஏழு மாசமா ஒரு சைகாலஜிஸ்ட்கிட்ட போறேன். முதல் ஆறு வாரம் பாலம்ங்கற பேச்சே இல்ல. கைய இறுக்கி மூடி அஞ்சாறு செகண்டு வெச்சிருந்து விடணும், அப்புறம் தோள், தாடை, கால் விரல்ன்னு ஒவ்வொண்ணா. விடும்போது உள்ள ஓடுற அந்த வித்தியாசத்த கவனிக்கணும். என் தாடை இத்தன வருஷமா இறுகியே இருந்திருக்குன்னு அன்னிக்கிதான் கண்டுபுடிச்சேன். உடம்பு தளர்ந்து கெடக்கறப்ப பயம் பழைய பலத்தோட நிக்க முடியாதுங்கறதுதான் கணக்கு, தென்னாப்பிரிக்கா டாக்டர் ஜோசப் வோல்பி 1958-லயே எழுதி வெச்சிருக்காரு. அதுக்கும் முன்னாடி 1924-ல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மா, முயலப் பாத்தா அலறுற பீட்டர்ங்கற சின்னப் பையனுக்கு பிடிச்ச தீனியக் குடுத்துக்கிட்டே முயல கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்து, கடைசியில அவனே அத தடவிக் குடுக்குற அளவுக்குக் கொண்டு வந்தாங்களாம். அதக் கேட்டப்ப உன் ஞாபகம்தான் வந்துச்சு. பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்த என்ன இடுப்புல வெச்சிக்கிட்டு அந்த வேலி ஓரமா நின்னு சோறு ஊட்டுனவ நீதானே. அதே நீ எப்படி அந்த ஜன்னல எறக்கச் சொன்ன?

பயத்துக்கு 0-லேர்ந்து 100 வரைக்கும் மார்க் போட்டு ஒரு ஏணி எழுதுனோம். பாலத்தோட போட்டோ 15. குளுகோர் கடலோரத்துல உக்காந்து பாலத்த பாக்குறது 35. இன்னொருத்தர் ஓட்ட நான் பக்கத்துல உக்காந்து போறது 80. ஒரு படியில மனசு அடங்காம அடுத்த படி கிடையாது. சிக்கல் எங்க தெரியுமா, பாதிப் பாலம் வரைக்கும் போயிட்டு திரும்பி வர முடியாது. ஏறுனா அக்கரையில பிறையிலதான் எறங்கணும். அதனால பாதிப் பாலத்த கண்ண மூடிக்கிட்டு மனசுலதான் போனேன், பயம் ஏறுனா வெரல தூக்குவேன், சைகாலஜிஸ்ட் அங்கயே நிப்பாட்டிருவாங்க, தளர்ந்துட்டு மறுபடி முதல்லேர்ந்து. வெரல தூக்குனா வண்டி நிக்கும். இது ஒண்ணு போதும்க்கா. அன்னிக்கி அந்தக் கார்ல நான் எத்தன தடவ நிப்பாட்டச் சொன்னேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, வெள்ளனவே, ரோட்டுல ஜேம் இல்லாதப்ப, பழைய பாலத்துல கூட்டாளி ஓட்ட நான் பக்கத்துல. கண்ண மூடல. பாலத்து இணைப்புல டயர் ஏறுறப்ப டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருது, அத எண்ணிக்கிட்டே போனேன். கடலுக்கு மேல 8.4 கிலோமீட்டர். பிறையில எறங்கி பசியாறக்கூட முடியல, அழுதுகிட்டே இருந்தேன். உன் வீடு கிட்டதான், தெரியும். வரல. வந்திருந்தா, இத போன வருஷமே செஞ்சிருக்கலாம்லன்னு நீ கேட்டுருப்ப. நீ கேக்கலன்னாலும் எனக்குக் கேட்டுருக்கும்.

அதுக்கப்புறம் நானே ரெண்டு தடவ ஓட்டிட்டேன், பக்கத்துல ஆள் வெச்சிக்கிட்டு. வெள்ளிக்கிழமைதான் தனியா. கை நடுங்கத்தான் போகுது, ஆனா வருவேன். மாமாவ டோல்கிட்ட வந்து நிக்கச் சொல்லாத. யாரும் வீடியோ எடுக்க வேணாம். போன் அடிச்சா எடுக்க மாட்டேன், ஓட்டிக்கிட்டு இருப்பேன்.

வாழயிலையும் வெத்தலையும் சௌராஸ்தா மார்க்கெட்டுல நானே வாங்கிட்டு வர்றேன், நீ வாங்கிடாத.

தம்பி