கரண்ட் இல்லாத சனிக்கிழமையும் உன் கசெற்றும்

கொக்குவில்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மச்சான்,

நலம். முழங்கால் எப்படி? ஆவணியில் நீ எடுத்த போனுக்கு "நாளைக்குக் கதைக்கிறேன்" என்று சொன்னவன் நான்தான். அந்த நாளை இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. ஏச வேண்டியதை எல்லாம் ஏசிவிட்டு மேலே வாசி. வட்ஸ்அப்பில் வோய்ஸ் போடாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நான் போடும் வோய்சை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உன் மகளே காட்டிக்கொடுத்துவிட்டாள். கடிதத்தை அப்படி ஓடவிட ஏலாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். வீட்டுக்காரி வெள்ளவத்தையில், மூத்தவளோடு. பேரனுக்குக் காய்ச்சல். வியாழன் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். வெள்ளி மத்தியானம் தாழமுக்கம் என்றார்கள், பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. நம்மூர்க் கார்த்திகை மழை உனக்குத் தெரியாததா? கடன் கேட்டு வந்தவன் மாதிரி விறாந்தையில் குந்தினால் எழும்பவே எழும்பாது. சனி விடிய ஒழுங்கையில் கணுக்காலளவு தண்ணீர். எட்டு மணிக்குக் கரண்டும் போய்விட்டது. முன்வீடு பூட்டு, அவர்கள் இப்போது நீ இருக்கும் பக்கம்தான். பக்கத்து வீடும் பூட்டு. வெள்ளி இரவு பாணும் சம்பலும், சனி காலை மிச்சப் பாணும் மிச்சச் சம்பலும். சமைக்கப் பஞ்சி.

பென்சன் எடுத்தபின் வந்த முதல் மாரி இது. பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் சனிக்கிழமைக்காக ஏங்கினேன். இப்போது ஏழு நாளும் சனிக்கிழமை. சாய்மனைக் கதிரையில் கிடந்து கூரைத் தண்ணீர் வாளிக்குள் விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கவலையும் இல்லை மச்சான், ஆனால் தொண்டையில் ஏதோ நின்றது. மனிசி போனில் "சாப்பிட்டியளோ?" என்று கேட்டபோது குரல் சரியாக வரவில்லை. தடிமன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மெழுகுதிரி தேடி அலுமாரியின் அடித்தட்டைக் கிண்டினேன். மெழுகுதிரி இல்லை. உறுதிப் பெட்டிக்குள், காணி உறுதிகளுக்கு அடியில், உன் கசெற் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமம் பகுதிச் சனமே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாமல் அள்ளிப் போட்டதில் அதுவும் போய், அடுத்த வருசம் எங்களோடேயே திரும்பி வந்தது. உள்ளே மட்டையில் நீலப் பேனையால் உன் எழுத்து. ஏ பக்கம் ஏழு, பி பக்கம் ஏழு. கசெற் போட இப்போது வீட்டில் ஒரு பெட்டியும் கிடையாது. போனில் 41 வீதம் சார்ஜ் இருந்தது. உன் வரிசைப்படியே ஒவ்வொன்றாக யூரியூப்பில் தேடிப் போட்டேன்.

முதலாவது 'கற்பகவல்லி'. உன் அம்மாவின் சட்டம்: சாமிப் பாட்டு முதலில் இல்லாத கசெற் வீட்டுப் படி ஏறக்கூடாது. டி.எம்.எஸ். பாடியதால் அது முழுக்கத் தமிழ்நாட்டுச் சரக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எழுதிய வீரமணி ஐயர் இணுவில்காரர் என்று சொன்னால் கண்ணை விரிப்பார்கள். என் வீட்டிலிருந்து இணுவில் எவ்வளவு தூரம்? சைக்கிள் மிதித்தால் வேர்க்கும் முன்னே போய்விடலாம். மயிலாப்பூர் அம்மனுக்கு இந்தப் பக்கத்து ஆள் கட்டிய பாட்டு. ஆனந்தபைரவியில் அது எழும்பும்போது மழைச் சத்தம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது, பொய் சொல்லவில்லை.

அடுத்தது 'போனால் போகட்டும் போடா'. அதற்கு அடுத்தது, கடவுளே, 'சின்ன மாமியே'! சுடலையிலிருந்து திரும்பி நேரே பைலாவுக்கு. இந்த வரிசை உனக்கு மட்டும்தான் தோன்றும். உரும்பிராய் நித்தி கனகரத்தினத்துக்கு நான் அடிமை என்பது உனக்குத் தெரியும், கலியாண வீடுகளில் அந்தப் பாட்டுக்கு நான் ஆடிய ஆட்டமும் தெரியும் (அந்தப் படத்தைத் தயவுசெய்து எரித்துவிடு). ஆனால் சனிக்கிழமை அது எடுபடவே இல்லை. கலகலப்பான பாட்டுக்குச் சுற்றி நாலு பேர் வேண்டும். வெறும் வீட்டில் அதைக் கேட்பது கலியாண வீட்டுக்கு ஒரு நாள் பிந்திப் போன மாதிரி. பந்தல் கிடக்கும், சனம் இராது. பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

பிறகு பி.பி.ஸ்ரீனிவாஸின் 'நிலவே என்னிடம் நெருங்காதே'. இனித்தான் உன்னோடு சண்டை.

நீ டி.எம்.எஸ். கட்சி, நான் பி.பி.ஸ்ரீனிவாஸ் கட்சி. மதவடியில் இருந்து எத்தனை பின்னேரம் இதற்காகத் தொண்டை கிழியக் கத்தினோம். 2013இல் சித்திரைப் புத்தாண்டன்று ஸ்ரீனிவாஸ் போனார், வைகாசியில் டி.எம்.எஸ். போனார். அன்றைக்கும் நீ போனில் "பார்த்தியா, என்ர ஆள் கொஞ்சக் காலம் கூட இருந்தார்" என்றாய். அப்போதும் உனக்கு விட்டுத்தரவில்லை. இப்போது பாதி விட்டுத்தருகிறேன், எழுதி வைத்துக்கொள். டி.எம்.எஸ். அழுதால் தெருவே கூடிவிடும். பக்கத்தில் ஆளிருக்கும் துக்கத்துக்கு அவர்தான் சரி. ஆளில்லாத வீட்டில், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு, காதுக்குள் வந்து மெல்லச் சொல்கிற குரல்தான் தாங்கும். அவர் அழுவதே இல்லை, கவனித்தாயா? தன் பாட்டில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார். அந்தப் பாட்டு உள்ள 'ராமு' படம் வந்தது 1966இல். நம்முடைய அப்பாமார் கேட்டதை நாங்கள் கேட்டோம், இப்போது நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏ பக்கக் கடைசி, 'மயக்கமா கலக்கமா'. சென்னையே வேண்டாம் என்று மூட்டை கட்டிய கவிஞர் வாலியைப் போகாமல் பிடித்து நிறுத்திய பாட்டு. அவரே எத்தனையோ மேடையில் சொன்ன கதை. சரி, நம் கதை என்ன? பாட்டுப் பதிந்து தரும் அந்த றெக்கோடிங் பார்க் கடைக்காரன் 60 நிமிடம் என்று தந்த கசெற்றில் நாடா போதாமல் இரண்டாவது சரணம் நடுவில் 'டக்' என்று அறுந்து நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? முழுப் பாட்டையும் வானொலியில் எத்தனையோ தரம் கேட்டிருப்போம். ஆனாலும் என் மனதில் அது அந்த 'டக்'கோடுதான் முடியும். சனிக்கிழமை யூரியூப்பில் அந்த இடம் வந்ததும் என்னை அறியாமல் கை போனை நோக்கிப் போனது, கசெற்றைத் திருப்பிப் போட. பாட்டோ நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. உனக்குக் கீழே இருப்பவர்களை நினைத்து ஆறுதல் கொள் என்று கண்ணதாசன் புத்தி சொல்லி முடிக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை மச்சான். என்னைவிடக் கஷ்டப்பட்டவர்களை எண்ணி என் மனதைத் தேற்றுவதா? இந்த ஊரில் அந்தக் கணக்கை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? தொடக்கத்தில் மயக்கமா, கலக்கமா, குழப்பமா, நடுக்கமா என்று அடுக்கிக் கேட்கிறாரே, அந்தக் கேள்விகள் போதும். ஓம், ஓம், ஓம், ஓம் என்று நாலுக்கும் பதில் சொன்னேன். தொண்டையில் நின்றது இறங்கிவிட்டது. உண்மையாகவே எழும்பிப் போய் அரிசி களைந்து உலை வைத்தேன்.

பி பக்கத்தில் 'இளைய நிலா' முடிந்து, 'ஊரு சனம் தூங்கிருச்சு' தொடங்கி, ஜானகி இரண்டு வரி பாட முன்னம் போன் செத்துவிட்டது. அப்போது ஆறரை மணி. நல்ல இருட்டு.

அந்த இருட்டில் வேறென்ன ஞாபகம் வரும்? 1990இல் சண்டையோடு ஊருக்கே கரண்ட் போன பிறகு உன் வீட்டு விறாந்தைதான். பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்கு யானை விலை, மூலையில் ஜாம் போத்தல் விளக்கு. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லோடு சேர்த்து, வயரைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டுப் பெடலைக் கையால் சுற்றுவான் நம் கூட்டாளி குருவி. வேகமாகச் சுற்றினால் டி.எம்.எஸ். சுசீலா ஆகிவிடுவார். கை களைத்தால் சுசீலா டி.எம்.எஸ். ஆகிவிடுவார். நீயும் நானும் முறைக்குச் சுற்றுவது என்றுதான் ஒப்பந்தம். எத்தனை நாள் சுற்றினோம்? மனச்சாட்சியோடு சொல்லு. 1993இல் நீ ஊரைவிட்டுப் போக, உன்னைக் கிளாலிப் படகுத்துறை வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனதும் அதே சைக்கிள், அதே குருவி.

இன்று காலை மழை கொஞ்சம் விட்டது. கேற் தட்டும் சத்தம். பார்த்தால் குருவி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு. மாமரக் கொப்பு ஓட்டில் விழுந்ததா என்று பார்க்க வந்தானாம். சேட்டுப் பொக்கற்றுக்குள் சொப்பிங் பையில் சுற்றி ஒரு பவர் பேங்க். "அண்ணி போன் எடுத்தவ, உம்மட போன் வேலை செய்யேல்லையாம்" என்றான். முப்பது வருசத்துக்குப் பிறகும் எனக்குக் கரண்ட் கொண்டு வருவது குருவிதான். சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பிளேன்ரீ குடித்துக்கொண்டே கேட்டேன், "அந்தக் கசெற்றில் உனக்கு எந்தப் பாட்டு விருப்பம்?" என்று. அவன் யோசிக்கவே இல்லை. "பாட்டோ? எனக்கு எங்க பாட்டுக் கேட்டது? டைனமோ காதுக்குப் பக்கத்தில கர்ர்ர் எண்டு இரையும். நீங்கள் ரெண்டு பேரும் தலையாட்டுறதைப் பார்த்துத்தான் நல்ல பாட்டு எண்டு நினைப்பன்."

மச்சான், நான் பிளேன்ரீயைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று வருசம் அவன் சுற்றினான், நாங்கள் கேட்டோம். ஒருநாளாவது "நீ வந்து இதில் இரு" என்று சொன்னோமா?

இன்று அவனைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி, போனை நெஞ்சில் வைத்து, ஏ பக்கம் ஏழையும் போட்டேன். நாலாவதில் நித்திரையாகிவிட்டான். குறட்டை அச்சாக அந்த டைனமோதான்.

ஒன்று கேட்க வேண்டும். பி பக்கம் ஐந்தாவதை நீ எழுதிவிட்டுப் பேனையால் அடித்து அடித்து மட்டையே கிழிந்திருக்கிறது. எத்தனையோ தரம் கேட்ட கசெற், அந்த இடத்தில் என்ன வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தொடக்க எழுத்து 'நீ' போல இருக்கிறது. குருவி அது ரியூசன் சென்ரர்க்காரியின் பாட்டு என்கிறான். நான் அது தபால் கந்தோர் மாமியின் மகளுக்கு என்கிறேன். ஒடியல் கூழ் பந்தயம், தோற்றவன் நண்டு வாங்க வேண்டும். கெதியாய்ப் பதில் போடு, நண்டு விலை ஏறிக்கொண்டு போகிறது.

அன்புடன்,
உன் பி.பி.எஸ். கட்சிக்காரன்